அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்

பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி, அதாவது இன்றைய கல்லக்குடி, அரியலூர், பெரம்பலூர் வட்டாரம், ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நிலத்துக்குள் ஏறிய கடல், பலமுறை பின்வாங்கியும் மீண்டும் ஏறியும் சேறு, மணல், சுண்ணாம்பு என அடுக்கடுக்காகப் படியவிட்டுச் சென்றது. டைனோசர்கள் அழிந்த காலத்தையும் தாண்டி இந்தப் படிவு நீடித்தது. உலகில், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியக் காலத்தை இத்தனை நிறைவாகக் காட்டும் இடங்கள் அதிகமில்லை.

இதை அறிவியல் உலகம் அறிந்தது 1840களில்தான். சென்னை மாகாண அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் திரட்டிய புதைபடிவங்கள் லண்டனுக்குச் சென்றன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் விவரித்தார். அடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்ட் இந்த நிலம் முழுவதையும் வரைபடமாக்கி 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. சேகரித்த புதைபடிவங்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் பெரும்பணி ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுடையது. 1873இல் அதை முடித்தவர், மறு ஆண்டே லடாக்கில் இறந்தார். அவர் எழுதிய தொகுதிகளைப் புரட்டாமல் இந்தப் பாறைகளைப் பற்றி இன்றும் யாரும் எழுத முடியாது.

கல்லின் பயன்பாடு முதலில் சிறு அளவில்தான் இருந்தது. இந்த வட்டாரத்துக் கருடமங்கலத்தில் கிடைக்கும் கல்லில் சிப்பிகளும் நத்தை ஓடுகளும் நெருக்கமாகப் பதிந்திருக்கும். மெருகேற்றினால் கரும்பழுப்புப் பரப்பில் ஓடுகளின் வளைவுகள் வெண்ணிறமாகத் தெரியும். ‘திருச்சி மார்பிள்’ என்ற பெயரில் அது அலங்காரப் பொருள்களாக விற்பனையானது.

பெரிய அளவில் மண்ணைத் திறந்தது சிமென்ட். 1939இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியது. ஊரும் டால்மியாபுரம் ஆனது. அந்தப் பெயரை மாற்றக் கோரி 1953இல் மு. கருணாநிதி தலைமையில் நடந்த தண்டவாள மறியல், தமிழக அரசியல் வரலாற்றில் தனி அத்தியாயம். ஆலைக்காக வெட்டிய சுரங்கத்திலோ பவளங்களும் கடற்பாசிகளும் கட்டிய பழைய திட்டின் குறுக்குவெட்டு வெளிப்பட்டது. வெடி வைத்து வெட்டியிருக்காவிட்டால் அத்தனை ஆழத்தை எந்த ஆய்வாளரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி இன்னும் வியப்பானது. அங்கே ‘கிரைஃபியா’ என்னும் சிப்பி இனம் அடுக்கடுக்காகக் குவிந்துள்ளது. அடி ஓடு கனமாக வளைந்து கிண்ணம்போல் இருக்கும். மேல் ஓடு தட்டையான மூடி. கல்லுக்குள் சிப்பி கிடக்கிறது என்பதைவிட, சிப்பியே கல்லாகியிருக்கிறது என்பதுதான் சரி. ஆலைக்குத் தேவையான கால்சியம் கார்பனேட்டும் அந்த ஓடுகளில்தான் இருக்கிறது. 1979இல் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பச் சூளையில், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் சிதையாமல் இருந்த ஓடுகள் சிமென்டுக்கான கிளிங்கராகின்றன. அறிவியலுக்குக் கதவு திறந்த சுரங்கமே சான்றுகளையும் தின்றுவிடுவது இங்கே பெரிய இழப்பு.

புதைபடிவங்களைப் பற்றிய அறிவு மக்களிடம் பரவாததும் இதோடு சேர்ந்த குறை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே மண் தோண்டியபோது கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரான அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று நிலவியலாளர்கள் விளக்கினர். சாளக்கிராமமாக வழிபடப்படும் கல்லும் அந்த இனத்தின் படிவமே.

சில இடங்கள் மட்டும் பாதுகாப்புப் பெற்றுள்ளன. 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, இதே வட்டாரத்துச் சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளமுடையது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது. காரை பகுதியின் செம்மண் ஓடைகளும் அந்த நினைவுச்சின்னப் பட்டியலில் உள்ளன. கல்லக்குடிச் சுரங்கமும் கல்லங்குறிச்சியின் சிப்பிப் படுகையும் அதில் இல்லை. வெட்டி முடித்த குழிகளில் ஒரு சுவரையாவது ஆய்வுக்காக விட்டுவைப்பது அவசரத் தேவை.