கலர் எங்க தெருவுக்கு வந்த வருஷம்

பழைய டிவி நினைவுகள்னு யார் பேச ஆரம்பிச்சாலும், கதை வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'லதான் தொடங்கும். தெருவே காலியாகும், எல்லாரும் ஒரே வீட்டுல கூடுவாங்க, படம் கறுப்பு வெள்ளையில ஓடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ஊர் சங்கரன்கோவில். தறிச் சத்தமும் ஆடித்தபசும் உள்ள ஊர். அங்க இந்தக் கதை வேற திசையிலிருந்து தொடங்குது. திசைன்னு நான் சொல்றது, ஆன்டெனா திரும்பி நின்ன திசையை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்த சிக்னல் சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அதிக தூரம் போகாது. சங்கரன்கோவிலோ நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்கும் மேல. மேப்பை எடுத்துப் பாருங்க. எங்க ஊருக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம், சுமார் 350 கிலோமீட்டர்.

1982 பிப்ரவரி 15 அன்று, ஜப்பானின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில் அதன் டிரான்ஸ்மிட்டர். நடுவுல தடுக்க மலை இல்ல, மன்னார் வளைகுடாதான். கடல் மேல இருக்கிற காற்றின் வெப்பமும் ஈரமும் சில நேரம் டிவி அலைகளை வளைச்சு, வழக்கத்தைவிட ரொம்ப தூரம் கொண்டுபோகும். அதனால தென் மாவட்டங்கள்ல உயரமான குழாய்ல ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, தென்கிழக்கே திருப்பினா இலங்கை தெரியும். சில நாள் படம் தெளிவா இருக்கும், சில நாள் வெறும் புள்ளிதான். இப்படித்தான் இங்க பல பேர் வாழ்க்கையில பார்த்த முதல் டிவி நிகழ்ச்சி சிங்களத்துல இருந்துச்சு.

என் அம்மா அதுல ஒருத்தர். அப்ப அவங்களுக்கு 14 வயசு. தாத்தா கூலிக்குத் தறி ஓட்டினவர். தெருவுல டிவி இருந்தது தறி முதலாளி வீட்டுல மட்டும். 'ஊரே ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம்'னு சொல்றாங்கல்ல, அதைப் பத்தி அம்மாகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. சொந்தக்காரங்க கூடத்துல, தெரிஞ்சவங்க திண்ணையில, கூலிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க சன்னலுக்கு வெளியே. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். யார் எங்க நிக்கணும்னு எல்லாருக்கும் தெரியுமாம். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. காலுதான் கடுக்கும்"னாங்க.

இப்ப அந்தக் 'கறுப்பு வெள்ளை'க்கு வருவோம். ரூபவாஹினி தொடக்கத்துலேயே கலர். இந்தியாவுல 1982 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, நவம்பர்ல ஆசிய விளையாட்டுப் போட்டிகள் கலர்ல வந்தன. 80களின் பின்பாதியில் கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்தபிறகு எங்க ஊர் ஆன்டெனாக்கள் நேர் வடக்கே திரும்பின. 1987ல தொடங்கிய 'ராமாயண்', 1988ல தொடங்கிய 'மகாபாரத்' ரெண்டுமே கலர்ல எடுத்தவை. பாதி இந்தி புரியாமலே பார்த்தாலும், அம்மாவின் நினைவுல ராமரும் சாம்பல் நிறம், வனமும் சாம்பல் நிறம். நிகழ்ச்சி கலராத்தான் கிளம்பி வந்துச்சு. பெட்டிதான் கறுப்பு வெள்ளை. கலர் பெட்டி வாங்கக் கையில காசு இல்ல, அவ்வளவுதான்.

90களின் தொடக்கத்துல எங்க வீட்டுக்கு செகண்ட்ஹேண்ட்ல ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. அதுக்கு முன்னாடி அப்பா ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டினார். மேல நீலம், நடுவுல ஆரஞ்சு, கீழ பச்சை. செய்தி வாசிக்கிறவர் நெத்தி எப்பவும் நீலமா இருக்கும். 1996 உலகக் கோப்பையில இந்தியா வெளிர் நீலம், ஆஸ்திரேலியா மஞ்சள்னு பேப்பர்ல பார்த்தேன். எங்க டிவியில ரெண்டு டீமும் ஒரே நிறம்.

2006 தேர்தல்ல இலவசக் கலர் டிவி தருவோம்னு தி.மு.க. வாக்குறுதி கொடுத்து ஜெயிச்சது. அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று திட்டம் தொடங்கியது. படிப்படியா ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனது. அரசுப் பணத்தை இதுக்கா செலவழிக்கிறது, கேபிள் தொழில்ல யாருக்கு லாபம்னு அப்ப எழுந்த கேள்விகள் நியாயமானவை. ஆனா சென்னைக் கல்லூரி ஹாஸ்டல்ல நாங்க அந்தக் கேள்விகளைக் கேட்கல. 'ஓசி டிவி'ன்னு ஜோக்கடிச்சோம். நானும்தான். எங்க வீட்டுல இன்னும் அந்த நீலத் தகடு இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மறுவருஷம் எங்க தெருவுக்கு டிவி வந்தது. அம்மா போன் பண்ணாங்க. "ஏலே, ஒரு வீடு விடாம குடுத்திருக்காவ. இனிமே யாரும் யார் வீட்டுச் சன்னல்லயும் போய் நிக்க வேண்டாம்லா." அதுக்கப்புறம் அந்த ஜோக்கை நான் அடிக்கல.

1982ல வானத்துக்கு வந்த கலர், எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்து சேர 25 வருஷம் ஆச்சு. 'கறுப்பு வெள்ளைக் காலம்'னு நாம ஏக்கத்தோட பேசுறோம். அந்தக் காலம் எல்லார் வீட்டுலயும் ஒரே வருஷத்துல முடியல.

அதனால ஒரு வீட்டுப்பாடம். இன்னைக்கு ராத்திரி வீட்டுல பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. முதல் டிவியை யார் வீட்டுல பார்த்தீங்க? அப்ப நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க, இல்ல எங்க நின்னீங்க? என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.