எந்தத் தெருவுக்குள் யார் வந்தார்: மதுரைச் சமவெளியில் பெண்களும் உடல்நலச் செய்தியும்

மேலூர் வட்டத்துத் திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கரு எந்தெந்த இடரைத் தப்பி வளர்கிறது என்பதை அவர் போற்றித் திருவகவலில் மாத வரிசையில் சொல்லிச் செல்கிறார். அந்த அறிவு ஏட்டில் இருந்தது. ஏடு படிக்காத பெண்களுக்குப் பேறு பற்றித் தெரிந்தது பெரும்பாலும் மருத்துவச்சி வாய்வழி வந்தது. அந்த மருத்துவச்சி எந்தத் தெருவுக்குள் நுழைந்தார் என்பதிலிருந்தே ஆராய வேண்டியிருக்கிறது.

1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள், நாவிதர் குலப் பெண்கள் பேறு பார்த்ததைப் பதிவு செய்கின்றன. தீட்டு என்று ஊர் ஒதுக்கிய வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அதோடு அறிவும் அவர்களிடம் சேர்ந்தது. சேரியிலோ அங்குள்ள மூத்த பெண்களே பெரும்பாலும் பிள்ளை எடுத்தார்கள். பேறுகால மருந்தான காயம் இடிப்பது, பத்தியம், சீம்பாலைக் கொடுப்பதா பீச்சிவிடுவதா என்பதெல்லாம் ஒரே ஊருக்குள் தனித்தனித் தடங்களில் கைமாறின.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பேறு பார்க்கும் இதே வேலையைக் கறுப்பினப் பாட்டிமார் செய்தனர். 1921-இன் ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்துக்குப் பின் அவர்களுக்குப் பயிற்சி, உரிமம் என்று தொடங்கியது, நாளடைவில் அவர்களை ஓரங்கட்டுவதில் முடிந்தது. அங்கே இனம், இங்கே சாதி.

இங்கே மாற்றத்தில் 1885 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு உருவான டஃப்ரின் சீமாட்டி நிதி பெண் மருத்துவர்களையும் தாதிகளையும் பயிற்றுவிக்க முனைந்தது. அதே ஆண்டில் மேரி ஷார்லீப் முயற்சியால் சென்னையில் எழுந்த பெண்கள் மருத்துவமனை, ‘சாதி’யையும் ‘கோஷா’வையும் (பெண்களைத் திரைக்குள் வைக்கும் வழக்கம்) பெயரிலேயே தாங்கியிருந்தது. யாருக்காகக் கட்டினார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மதுரைக்கு அமெரிக்க மிஷன் பெண் மருத்துவரை அனுப்பியதும் அக்காலத்தில்தான். மிஷனின் பைபிள் பெண்கள் வீடு வீடாகப் போய் வாசிப்பும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். மதம் மாறிய எளிய குடும்பத்துப் பெண் எழுத்தறிவில் மேல்சாதிப் பெண்ணை முந்தியிருக்கவும் கூடும் என்பது என் கருத்து.

பின்னாளில் அரசு அனுப்பிய கிராம சுகாதாரச் செவிலியர், மக்கள் வாயில் ‘நர்சம்மா’, சுமார் 5,000 பேருக்கு ஒருவர். எந்தத் தெருவுக்கும் போகும் கடமை அவருக்கு உண்டு. ஆனால் துணை நிலையம் எந்தத் தெருவில் என்பது வேறு கேள்வி. அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வந்த பிறகு செய்தி பணத்தோடு சேர்ந்து வந்தது. கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிய வேண்டும் என்பது அறிவுரையாக இருந்த நிலை போய், தவணைக்கான நிபந்தனையாயிற்று.

திருவாதவூரில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாமும் உண்டு. இலங்கையில் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், மருத்துவ மாது வீட்டுக்கே வந்து பழக்கப்பட்ட பெண்கள் இருந்தனர். தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழ்ப் பெண்களுக்கு அது வெகு காலம் கழித்தே எட்டியது. ஆகவே ‘முகாம் பெண்கள்’ என்று ஒரே கட்டாகக் கணக்கெடுப்பது பிழை. 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்வாசிகளையே சுகாதாரத் தொண்டர்களாக்கியது. கழகம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டாவில் பைலி ஏவரி என்பவர் கறுப்பினப் பெண்களைத் திரட்டி, அவர்கள் உடல்நலத்தைப் பற்றி அவர்களையே பேச வைத்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு முயற்சிகளும் செய்தியைக் கொண்டுபோக அந்தந்த மக்களுக்குள்ளிருந்தே ஆள் தேடின. உடல்நலச் செய்தி பெண்களை எப்படி எட்டுகிறது என்று அறிய இன்றைய கள ஆய்வுகள் ‘கைபேசி உண்டா?’ என்று கேட்கின்றன. அதோடு ‘உனக்கு இதை யார் சொன்னார்?’ என்றும் கேட்டால்தான் சாதியும் பூர்வீகமும் எங்கே குறுக்கிடுகின்றன என்பது விளங்கும்.