பதிவேட்டில் இல்லாத ஊழியர்கள்: பினாங்கு மிஷன் வீடுகள், 1819–1846

சாமுவேல் டையரின் வாழ்க்கை வரலாறு 1846இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் ஈவான் டேவிஸ். அவரும் பினாங்கில் ஊழியம் செய்தவரே. சீனர் நடுவே பதினாறு ஆண்டுகள் மிஷனரியாக இருந்தவர் என்று நூலின் தலைப்பே டையரை அறிமுகப்படுத்துகிறது. அந்தக் காலமெல்லாம் அவரோடு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று குடிமாறி, போன இடமெல்லாம் சிறுமியருக்குப் பள்ளி நடத்திய மரியா டையர் அந்தத் தலைப்பில் இல்லை. டேவிஸை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கத்தின் கணக்கு முறையே அதுதான். கணவர் மிஷனரி, மனைவி மிஷனரியின் மனைவி. மிஷன் வீட்டை ஊழியருக்கான இருப்பிடமாக மட்டும் பார்த்த அந்தக் கணக்கைப் பின்வந்த வரலாற்றாசிரியர்களும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டார்கள். பினாங்கைப் பொறுத்தவரை அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே நின்று நிலைத்த பணியில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் நடந்தது.

முதலில் பின்னணி. 1819இல் தாமஸ் பெய்ட்டனும் ஜான் இன்ஸும் மனைவியரோடு பினாங்கில் குடியேறினார்கள். பெய்ட்டனுக்கு மலாய்க்காரர், இன்ஸுக்குச் சீனர் என்று பணி பிரிந்தது. ஆனால் லண்டன் இயக்குநர்களின் கண் பினாங்கின் மேல் இல்லை. மிஷனரிகளுக்குச் சீனா கதவடைத்திருந்த காலம் அது; மலாக்காவும் பினாங்கும் கதவு திறக்கும்வரை மொழி பயிலவும் புத்தகம் அச்சிடவும் ஏற்ற இடங்கள் என்பதே அவர்கள் எண்ணம். மனம் மாறி ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. காத்திருக்கும் இடத்திலேயே குடும்பங்கள் பிள்ளை பெற்றன, பிள்ளைகளைப் புதைத்தன. ஜோவன்னா இன்ஸ் 1822இல் இறந்தார், கணவர் 1825இல்.

டையர் 1827 ஆகஸ்டில் வந்து இறங்கினார். கேம்பிரிட்ஜில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். மனைவி மரியா டார்ன், லண்டன் சங்க இயக்குநர் ஒருவரின் மகள். கணவரின் இழுப்புக்கு வந்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. டையரின் பெயர் இன்றும் அச்சு வரலாற்றில் பேசப்படுகிறது. அதுவரை சீன நூல்களைப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு மரப்பலகையாகச் செதுக்கியே அச்சிட்டுவந்தார்கள். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று டையர் எண்ணி, முதன்மையான மூவாயிரம் எழுத்துகளின் பட்டியலை 1834இல் வெளியிட்டார். எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, ஈயம் வார்க்கும் முறையைச் சீன எழுத்துக்குப் பொருத்தப் பாடுபட்டார். 1843இல் மக்காவில் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. ஹாங்காங்கில் அச்சுக்காரர் ரிச்சர்ட் கோல் அதைத் தொடர்ந்தார்.

மரியாவின் வேலைக்கு இப்படிக் காட்டக்கூடிய ஈயத் துண்டுகள் இல்லை. சீன வணிகர் வீட்டுப் பெண்பிள்ளைகள் வெளியே வந்து ஓர் அந்நிய ஆணிடம் படிப்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாதது. ஒரு பெண்ணிடம், அதுவும் பிள்ளைகுட்டியோடு குடும்பம் நடத்தும் பெண்ணிடம், அனுப்பலாம். இங்கே வீடுதான் நுழைவுச் சீட்டு. சம்பளமும் பதவியும் கணவருக்கு இருந்தும், அவர் நுழைய முடியாத பாதி ஊருக்குள் மனைவிதான் நுழைந்தார். 1842இல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டுவேலைக்காக விற்கப்படும் சீனச் சிறுமியருக்கென நார்த் பிரிட்ஜ் சாலையில் மரியா தொடங்கிய விடுதிப்பள்ளி இன்று செயின்ட் மார்கரெட்ஸ் பள்ளி என்ற பெயரில் இயங்குகிறது. அவர் அங்கே இருந்தது சில காலம்தான். பினாங்கில் கைவந்த அனுபவம் இல்லாமல் அந்தத் தொடக்கம் நடந்திருக்காது என்று ஊகிக்க இடமுண்டு.

தமிழ் வாசகருக்கு இதற்கு நெருக்கமான ஓர் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெய்ட்டன் பினாங்கில் இறங்கிய அதே 1819இல், அதே சங்கத்தின் சார்ளஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன் அங்கே பாடுபட்ட ரிங்கல்தௌபே மணமாகாதவர்; சபைகளை உருவாக்கினார், ஆனால் பெண்கல்வி மால்ட் குடும்பத்தின், உடன் ஊழியரான மீட் குடும்பத்தின் வீட்டு முற்றங்களில்தான் வேர்விட்டது. மார்த்தா சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல் தென்திருவிதாங்கூர்ப் பெண்களுக்குக் கூலியும் கௌரவமும் தந்தது. அவர் மகள் எலிசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது பள்ளியும் பின்னல் ஊசியும் கூடவே போயின. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை அறிந்தவர்களில் எத்தனை பேர் எலிசாவை அறிவார்கள்?

இரண்டு ஊர்களும் ஒன்றல்ல என்பது உண்மை. நாகர்கோவிலில் சாதிக் கொடுமைக்கு ஆளானவர்கள் திரள் திரளாகச் சபைக்கு வந்தார்கள். பினாங்கில் வந்துபோகும் வணிகர்களும் மதம் மாற மறுத்த மலாய்க்காரர்களும். ஆகவே ஒன்று வெற்றி, மற்றது தோல்வி என்று மிஷன் வரலாறுகள் எழுதுகின்றன. ஞானஸ்நான எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் தெரியும். மிஷன் வீட்டில் வளர்ந்த பெண்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்று கேட்டால் படம் மாறுகிறது.

நான்கிங் உடன்படிக்கை 1842இல் சீனத் துறைமுகங்களைத் திறந்ததும் சங்கம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியிருப்புகளை விட்டு மெல்ல விலகியது. பெய்ட்டன் 1844இல் பினாங்கிலேயே இறந்தார். விதவையான மரியா பினாங்குக்குத் திரும்பி, 1845இல் ஜெர்மானிய மிஷனரி பௌசுமை மறுமணம் செய்து, அடுத்த ஆண்டே இறந்தார். டையர் தம்பதியின் மகள்களான, பினாங்கில் பிறந்த புரெல்லாவும் மலாக்காவில் பிறந்த மரியா ஜேனும் அநாதைகளாகி, இங்கிலாந்தில் வளர்ந்தார்கள். இருபது வயதுகூட ஆகாத அந்தச் சகோதரியர் 1850களின் தொடக்கத்தில் கப்பலேறி, நிங்போவில் மேரி ஆன் ஆல்டர்சியின் பெண்கள் பள்ளியில் ஆசிரியைகள் ஆனார்கள். பௌசும் இறந்தபின் அவருடைய இரண்டாம் மனைவி ஜெமைமாவும் பினாங்கிலிருந்து அதே நிங்போவுக்குப் போனார். இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். எந்தச் சங்கத்தின் வரைபடத்திலும் இல்லாத, பெண்கள் தமக்குள் பின்னிக்கொண்ட வலை அது.

மரியா ஜேன் 1858இல் ஹட்சன் டெய்லரை மணந்தார். டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் மனைவியரையும் மணமாகாத பெண்களையும் மிஷனரிகளாகவே கருதியது. இதை டெய்லரின் துணிச்சலாக மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் 1866இல் லாமர்மூர் கப்பலில் டெய்லர் தம்பதியோடு சென்ற மணமாகாத பெண்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் ஜெமைமாவின் மகள் மேரி பௌசும். நிங்போவிலிருந்த தாயிடம் போய்க்கொண்டிருந்தார். ஆக, பெண்ணை ஊழியராகவே எண்ணிய அந்தக் கப்பலில் பினாங்கு மிஷன் வீட்டின் வாரிசுகள் இருவர் இருந்தார்கள். டெய்லர் முதன்முதலாகச் சீனாவுக்குப் புறப்பட்ட 1853ஆம் ஆண்டுக்குப் பல காலம் முன்பே, வகுப்பறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு பெண் மிஷனரி எப்படி வேலை செய்வார் என்பதை அவர்களில் ஒருவரான மரியா ஜேன் தன் தாயிடம் பார்த்திருந்தார்.