மருதமுனைக்கு ஜீப் வந்த கதை

எங்கள் மருதமுனையில் நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கிற எந்த வாகனத்துக்கும் ஜீப் என்றே பெயர். அது லேண்ட் ரோவராக இருக்கலாம், பஜிரோவாக இருக்கலாம், லேண்ட் குரூசராகவும் இருக்கலாம். பின்னால் திறந்த பெட்டி இருந்தால் மாத்திரம் கெப் என்பார்கள். உழவு இயந்திரத்துக்கு மெசின் என்று தனிப்பெயர் உண்டு. மாடுகளுக்குப் பிறகு இக்கரையில் பாரம் இழுத்தவை இவைதாம். நெசவுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரைச் சேர்ந்தவன் தறியை விட்டுவிட்டு வாகனத்தைப் பற்றி எழுதுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். தறி ஓய்ந்ததும் ஜீப் வந்ததும் ஒரே கதவு திறந்ததால் நேர்ந்தவை என்பதுதான் என் பதில்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்முனைக்கு வடக்கே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 பிரதான வீதியின் இருமருங்கிலும் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. கிழக்கே கடல்; மேற்கே வயல். கடற்கரைக்குப் போனால் மணலில் புதையும், வயலுக்குப் போனால் சேற்றில் புதையும். மாரி தொடங்கிவிட்டால் கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். தார் வீதியை விட்டு இறங்கினால் சாதாரண வாகனத்துக்கு இங்கே வேலையில்லை. நெல் மூட்டை, மணல், விறகு, தோணி என்று இழுக்க வேண்டியவையோ ஏராளம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு கம்பனிகளும் சுமார் 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். போர் முடிந்ததும் உலகெங்கும் அந்த ஜீப்புகள் மலிவாகக் கைமாறின. அவ்வாறு கைமாறிய ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை, இங்கிலாந்தின் ரோவர் கம்பனித் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தார். இது பழுதாகிப் போனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டபோது இலங்கை சுதந்திரமடைந்து மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை.

வில்க்ஸ் அதை ஒரு கமக்காரனின் வாகனமாகவே வடிவமைத்தார் என்பது பலர் அறியாதது. கலப்பை இழுக்கவும், எஞ்சினிலிருந்து சக்தியெடுத்து வேறு இயந்திரங்களைச் சுழற்றவும் அதில் வசதியிருந்தது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிலும், அடிச்சட்டத்தை மட்டும் உருக்கிலும் செய்தார்கள். இந்தச் சிறு விவரம் எங்கள் கடற்கரையில் என்ன விளைவைத் தந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். டீசல் எஞ்சின் பூட்டிய லேண்ட் ரோவர் 1957இல் வந்தது.

அதற்கிடையில் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. மண் தள்ளும் பாரிய இயந்திரங்களும் ஜீப்புகளும் இப்பிரதேசத்துக் காடுகளுக்குள் நுழைந்த காலம் அது. கல்லோயாத் திட்டம் இம்மாவட்டத்தின் குடிப்பரம்பலையும் காணியுரிமையையும் எவ்வாறு மாற்றியது என்பது தனியாக எழுதவேண்டிய பெரிய விடயம். வாகனத்தைப் பொறுத்தவரை, மாட்டுக்குப் பதிலாக எஞ்சின் பாரம் இழுப்பதை எங்கள் மூத்தாப்பாமாரின் தலைமுறை கண்ணாரக் கண்டது அப்போதுதான். பின்னர் மஸி பெர்குசன் உழவு இயந்திரங்கள் வந்தன. அவற்றை நாம் நான்கு சில்லு மெசின் என்கிறோம். நான்கு சில்லுகள் இருப்பது உண்மைதான். இழுப்பவை பின்னால் உள்ள இரண்டு மட்டுமே. இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டரிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல வந்த பெயர் அது.

பழைய வாகனம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது இலக்கத்தகடு. அதிலும் ஒரு வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரமும் வாசகர்கள் அறிந்தவையே. அன்று இரத்தம் சிந்தக் காரணமான அதே எழுத்து இன்று வாகனத் தரகர்களிடையே வயதைக் குறிக்கும் ஒரு குறி. "சிறீ நம்பர்" என்றால் மிகப் பழையது. எழுத்துக்குப் பதிலாகச் சிறு கோடு இருந்தால் அதற்குப் பிந்தியது. ஆங்கில எழுத்து இருந்தால் 2000ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ பதிவானது.

1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கத்தில் இறக்குமதி மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வாகனம் மட்டுமல்ல, உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை. தேய்ந்த பல்சக்கரத்தை உள்ளூர்க் கடைச்சல் பட்டறையில் கடைந்து போட்டு ஓட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் மறுபக்கம் மருதமுனைக்குப் பொற்காலம். வெளிநாட்டுத் துணி வராததால் கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் நாடெங்கும் கிராக்கி. எந்த ஒழுங்கையில் நடந்தாலும் தறிச்சத்தம் கேட்ட காலம் அது. வாப்பாமார் தறியில் இருக்க, உம்மாமார் நூல் சுற்ற, பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் தார் சுற்றிக் கொடுப்பார்கள்.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். திறந்த கதவால் மலிவான துணியும் வந்தது, ஜப்பான் வாகனமும் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முற்றாக அழிந்துவிடவில்லை, மருதமுனைச் சாரன் இன்றும் விற்பனையாகிறது. ஆயினும் ஊர் முழுவதும் ஒரே தொழிலை நம்பியிருந்த நிலை மீண்டும் வரவில்லை. தறியிலிருந்து எழுந்தவர்களில் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பணத்தில் கல்வீடு வந்தது. அடுத்து வாகனம் வந்தது. தறியைக் கைவிட வைத்த கொள்கையே அந்த வாகனத்தையும் துறைமுகத்தில் இறக்கியது என்பதை யாரும் அன்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பத்திரிகையாளர்களாகிய நாங்களும் அதை எழுதவில்லை.

ஜப்பானியர் ஓடி முடியாத வாகனத்தை ஏன் விற்றுவிடுகிறார்கள் என்று பலருக்கு வியப்பு. அந்நாட்டில் குறிப்பிட்ட கால இடைவெளியில் வாகனங்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதற்கான செலவைவிட விற்றுவிடுவது இலாபம். எம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்கச் சுக்கானை மாற்ற வேண்டியதுமில்லை. 1999இல் தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா கரித்தூள் நிரம்பிய போத்தல் ஒன்றைச் செய்தியாளர் முன் குலுக்கிக் காட்டி டீசல் வாகனங்களுக்கெதிராகப் போர்க்கொடி தூக்கினார். 2001இல் திருத்தப்பட்ட புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பெருநகரப் பகுதிகளில் பழைய டீசல் பஜிரோவையும் லேண்ட் குரூசரையும் தொடர்ந்து பதிவில் வைத்திருக்க முடியாத நிலை ஏற்பட்டது. அங்கே நுரையீரலுக்கு ஆகாதென்று தள்ளப்பட்டவை ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறின.

இலங்கையில் இழுவைக்கென்றே பெயரெடுத்தது மிட்சுபிஷியின் 4 டீ.ஆர். 5 எஞ்சின் பூட்டிய ஜீப். வில்லிஸிடமிருந்து உரிமம் பெற்று 1953இல் தொடங்கி 1998 வரை மிட்சுபிஷி அந்தப் பழைய அமெரிக்க வடிவத்தையே செய்துவந்தது. 2,659 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு, வேகம் குறைவு, சத்தம் அதிகம், ஆனால் லோ கியரில் போட்டால் அசையாததை அசைக்கும். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே பெரும் இழுவிசையைத் தருவதுதான் இரகசியம். டீசல் விலையைப் பெற்றோலை விடக் குறைவாக அரசாங்கங்கள் வைத்திருந்ததும் ஒரு காரணம்.

யுத்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜீப் வைத்திருப்பது பாதுகாப்பல்ல, ஆபத்து என்றிருந்த ஆண்டுகள் அவை. இயக்கங்கள் வாகனங்களைக் கேட்டும் கேளாமலும் கொண்டுபோயின. 1990க்குப் பின்னர் மேற்கேயுள்ள தமது வயல்களுக்கே எமது மக்கள் பலரால் போக முடியவில்லை. இழுப்பதற்கு நெல்லே இல்லாதபோது இழுவை வாகனம் எதற்கு? இரவில் ஜீப் சத்தம் கேட்டால் அது விசேட அதிரடிப் படையினருடையதாகவே இருக்கும் என்று வீடுகளில் விளக்கை அணைப்பார்கள்.

2004 டிசம்பர் 26. அன்றைய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நாட்டிலேயே கூடுதலான இழப்பு இங்குதான். அந்த முதல் நாட்களில் ஜனாஸாக்களைச் சுமந்தவை உழவு இயந்திரப் பெட்டிகள். வீட்டுக்கூரைகளின் மேல் கிடந்த தோணிகளையும், ஒழுங்கைகளை அடைத்துக் கிடந்த மரங்களையும் கயிறு கட்டி இழுத்தவையும் அவையே. வெளியுலகின் வெள்ளை நிற லேண்ட் குரூசர்கள் பின்னரே வந்தன.

அதன்பின் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டத் தடைவலயம் அறிவித்தது. கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள். எங்கள் பகுதியில் பின்னர் அது 65 மீற்றராயிற்று. மருதமுனை மேட்டுவட்டையில் எழுந்த வீடுகளுக்கு இன்றும் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்றே பெயர். ஒரு தூர அளவு ஊர்ப்பெயராகிப் போனது வேறெங்கும் உண்டோ தெரியாது. முன்பு முற்றத்திலிருந்து தோணியைத் தள்ளிக் கடலுக்குப் போன மீனவன், இப்போது எஞ்சினையும் வலையையும் வீட்டிலிருந்து கரைக்குக் கொண்டுபோக வேண்டியவனானான். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகையே மேட்டுக்கு இழுக்க வேண்டும். அமைச்சர் அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டும் அதன் வாயிலை மணல் அடைத்துக்கொண்டது. அண்டைக் கரைகளைக் கடல் அரித்தது. ஆகவே படகுகள் இன்னமும் மணலில்தான் ஏறி இறங்குகின்றன.

அண்மையில் கட்டாரில் தொழில்புரியும் நம்மூர்த் தம்பி ஒருவர், ஊரில் வாப்பாவின் படகை இழுக்கப் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்க நினைப்பதாக எழுதியிருந்தார். இதைக் கேட்பவர் அவர் ஒருவரல்லர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தின் விலை ஏறிய வேகத்தை நான் என் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லை. 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாயானது. படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்டில் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்குப் பாய்ந்தது. வாங்கும் விலையை மட்டும் கணக்கிட்டவர்கள் அன்று தவித்தார்கள்.

கல்முனையில் நான் நன்கறிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "காக்கா, மேலால பாக்காதீங்க. கீழால பூந்து பாருங்க" என்றார். லேண்ட் ரோவரின் அலுமினிய உடல் உப்புக்காற்றில் துருப்பிடிப்பதில்லை. ஐம்பது வருடம் கழிந்தும் பெயின்ற் அடித்தால் பளபளக்கும். அடியிலுள்ள உருக்குச் சட்டமோ உள்ளிருந்தே உக்கிப்போயிருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உக்கியது மொத்தென்று கேட்கும். இழுவைக் கொக்கி பொருத்தப்படும் பின்குறுக்குச் சட்டமே முதலில் போகும் இடம். படகை நீரில் இறக்கும்போது பின்சில்லுகள் கடலில் நனைவதால் கடற்கரையில் உழைத்த வண்டிக்கு இது இரட்டிப்பு.

அடுத்தது எஞ்சின் இலக்கம். பழைய லேண்ட் ரோவர்களில் மூல எஞ்சினைக் கழற்றி ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டியவை ஏராளம். அதில் தவறில்லை, இழுவைக்கு நல்லதுதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும் என்பதே முக்கியம். இல்லையென்றால் உரிமைமாற்றத்தின்போது அலைய நேரிடும்.

மூன்றாவது விடயத்தை எழுதும்போது கை தயங்குகிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரமொன்று பெட்டியோடு கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். மெசின் எதையும் கடக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்குக் கிட்டங்கியிலும் மற்றத் தாம்போதிகளிலும் பல தலைமுறையாகப் பழகியது. பாயும் நீர் பெட்டியின் பக்கவாட்டில் மோதினால், முன்னால் இழுப்பது எவ்வளவு வலுவானதாயினும் பெட்டி அதையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். நான்கு சில்லு இழுவை மணலுக்கும் சேற்றுக்கும் உதவும். வெள்ளத்துக்கு அது உதவாது.

வாங்குவதற்கு முன் வெற்று வண்டியைப் பிரதான வீதியில் ஓட்டிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கொக்கியில் படகைப் பூட்டி, சில்லுக் காற்றைச் சற்றுக் குறைத்து, நான்கு சில்லு இழுவையையும் லோ கியரையும் போட்டு ஈர மணலிலிருந்து ஒருமுறை மேட்டுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். கிளச் கருகும் வாசமோ, கியர்ப் பெட்டியில் உறுமலோ இருந்தால் அந்த ஒரு ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். பின்பு அதே பாரத்தோடு இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழுக்கிற வண்டியைத் தேடுபவர்கள் அதிகம் மறப்பது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.