பரி என்னும் சொல்

நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்தில், மார்கழித் திருவிழா நாளொன்றில் திருவாசகம் ஓதி முடிந்தபின் அன்பரொருவர் எம்மை ஓர் ஐயம் வினவினர். ஆனந்தமாலையில் நரியை மாற்றிய அருட்செயலைக் கூறுமிடத்து அடிகள் ‘குதிரைப் பரி’ என்றருளினார். குதிரையும் பரியும் ஒன்றேயாயின் ஒரு சொல் மிகையாகாதோ என்பது அவர் வினா. ஒருபொருட் பன்மொழி என்று கூறி அமைதல் எளிது. எனினும், திருவாக்கிலுள்ள ஒரு சொல்லை அவ்வாறு கழிக்குமுன் அதன் வரலாற்றை ஆராய்தல் நம் கடனாம்.

பரிதல் என்பது ஓடுதல். அதன் முதனிலையாகிய பரி தொழிற்பெயராய் நின்று, முதற்கண் குதிரையின் செலவையும் நடையையுமே குறித்தது. சங்கச் செய்யுட்களில் ‘கடும்பரி’ என்பது புரவி, மா முதலிய பெயர்களுக்கு அடையாய் வருதல் காண்க. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை ‘நிமிர்பரி’ உடையனவாகச் சிறப்பிக்கின்றது. இவ்விடங்களிற் பரி என்பதற்குக் குதிரை எனப் பொருள் கொள்ளின், குதிரைக் குதிரை என்றாகி உரை சிதையும். பரிமா என்பதும் ஓட்டத்தையுடைய விலங்கு என்றே விரியும்.

சுமத்தற் பொருளதாகிய பரித்தலினின்று இச்சொல் பிறந்ததெனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. கடும்பரி என்புழி விரைவன்றிச் சுமை பொருந்தாமையின் என்க. வடநூலார் குதிரை நடையைத் தாரை எனப் பெயரிட்டு ஐந்தாக வகுப்பர். அவற்றுள் ஒன்றாகிய வல்கிதம் தமிழில் வற்கிதம் என வழங்கிற்று. பரியோ தமிழ் வினையடியிற் பிறந்த சொல்.

பின்னர் நடையின் பெயர் நடையுடைய விலங்குக்குத் தொழிலாகுபெயராயிற்று. அடிகள் காலத்து அப்பொருளும் வழங்கியதேனும், பழம்பொருள் மறைந்திலது. ஆகலின் ‘குதிரைப் பரி’ என்பதனைக் குதிரையினது நடை எனக் கொண்டு, நரியைக் குதிரை நடையுடையதாக்கி என்று உரைப்பின் எச்சொல்லும் மிகையாகாது.

இதனாற் பெறும் பயனும் உண்டு. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலில் நரி பரியானது 59-ஆம் படலம். பரி நரியானது 60-ஆம் படலம். அருள் தந்த நடையை அருளே வாங்கியவழி, பழைய ஊளையே எஞ்சிற்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தத் துணிபுக்கு இஃதோர் எடுத்துக்காட்டாம். நன்னடை நம்முடையதென்று செருக்குதற்கு இடனில்லை என்று அவ்வன்பருக்கு விடை கூறினேம்.