அஞ்சரை நிமிஷத்தில் நூறு எலி: சின்ன நாய்களின் பெரிய கோபம்

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு நாய் ஆராய்ச்சி எதற்கு என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. பொறுமை. இதுவும் கடைசியில் டிமாண்ட், சப்ளை கதைதான் :-)

இரண்டு கைக்குள் அடங்குகிற நாய். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் அணிலைக் கண்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயும், பூனையை விடாது, நடுவில் பிடித்துத் தூக்கினால் தூக்கியவர் கையையே கடிக்கும். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பு சொல்லிவிடுவார். அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

டெரியர் என்ற பெயரே நிலம் என்று பொருள்படும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் போகிற நாய் என்று அர்த்தம். 1570-இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர், பிரிட்டன் நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய சிறு நூலிலேயே, நரியையும் பேட்ஜரையும் வளைக்குள் புகுந்து விரட்டும் நாய் என்று இதைத் தனி வகையாகச் சொல்லிவிட்டார். நம் ஊரிலும் பல வீடுகளில் இருக்கிற டாக்ஸ்ஹூண்ட் ஜெர்மனிக்காரர். அதன் பெயருக்கு அர்த்தமே 'பேட்ஜர் நாய்'. அந்தக் குட்டைக் கால் வளைக்குள் நுழைய வந்தது, அழகுக்காக வந்ததல்ல.

அந்த வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்மிருட்டு. எதிரே பல்லைக் காட்டும் மிருகம். எஜமான் மேலே நிற்கிறார், அவர் சொல்வது கேட்காது. பின்வாங்குகிற நாய் அங்கே உதவாது. விடாமல் குரைக்க வேண்டும், அப்போதுதான் எந்த இடத்தில் தோண்டுவது என்று மேலே இருப்பவருக்குத் தெரியும். உத்தரவுக்குக் காத்திருக்காமல் தானே முடிவெடுக்கவும் வேண்டும். அன்றைக்கு இதெல்லாம் வேலைக்கான தகுதிப் பட்டியல். இன்றைக்கு அபார்ட்மெண்டில் இதே பட்டியலைத்தான் 'அடங்காத நாய்' என்கிறோம்.

1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல் என்ற மாணவர், ஒரு பால்காரரிடம் 'ட்ரம்ப்' என்ற வெள்ளைப் பெண் டெரியரை வாங்கினார். பின்னாளில் அவர் பாதிரியார் ஆனார், ஆனால் நரி வேட்டைப் பித்து மட்டும் போகவே இல்லை. அந்த நாயின் வழியில் வந்தவைதான் அவர் பெயரைச் சுமக்கும் ஜாக் ரஸ்ஸல் டெரியர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நரியைக் கொன்றுவிடுகிற டெரியர் அவருக்கு வேண்டாம். வளையிலிருந்து வெளியே துரத்தினால் போதும், அப்போதுதான் குதிரையில் வந்தவர்களுக்கு வேட்டை இருக்கும். அதாவது கடியின் அளவைக்கூட மனிதன்தான் தேர்ந்தெடுத்தான்.

கிராமத்தில் நரி என்றால் லண்டனில் எலி. காளை, கரடிகளின் மேல் நாயை ஏவுகிற விளையாட்டுகளை 1835-இல் சட்டம் தடை செய்தது. எலிக்காக யாரும் கண்ணீர் விடவில்லை, அதனால் எலிக்குழிப் பந்தயம் மட்டும் செழித்தது. குழிக்குள் எலிகளைக் கொட்டி, நாயை இறக்கி, கடிகாரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவார்கள். 1823-லேயே 'பில்லி' என்ற நாய் அஞ்சரை நிமிஷத்தில் நூறு எலிகளைக் கொன்றிருந்தது. 1848-இல் 'டைனி' என்ற நாய் ஒரு மணி நேரத்துக்குள் 200 எலிகளைத் தீர்த்தது. அதன் எடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ இரண்டரை கிலோ!

டைனியின் எஜமான் ஜிம்மி ஷா ஒரு மதுக்கடை முதலாளி. வாரத்துக்கு 300 முதல் 700 எலி வரை வாங்குவதாக ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளரிடம் கணக்கு சொல்லியிருக்கிறார். எலி பிடித்து விற்பவர், குழி நடத்துபவர், நாய் வளர்ப்பவர், பந்தயம் கட்டுபவர் என்று முழு சப்ளை செயினே இருந்தது. வேகமாகக் கொல்லும் நாயின் குட்டிக்கு விலை அதிகம். சந்தை கேட்ட சரக்கு தலைமுறை தலைமுறையாகத் தயாரானது.

வேட்டை என்பது ஒரே செயல் அல்ல, ஒரு சங்கிலி. கவனிப்பது, முறைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. ரேமண்ட் காப்பிங்கர் போன்ற ஆய்வாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் காலிக்கு முறைப்பதும் துரத்துவதும் பெரிதாக வளர்க்கப்பட்டன, கடைசிக் கண்ணிகள் மட்டும் அடக்கப்பட்டன. டெரியருக்குக் கவ்வி உதறிக் கொல்வது வரை எல்லாமே முழுசாக இருக்கிறது. துணிப் பொம்மையைக் கவ்வித் தலையை உதறுகிறதே, அது அந்தப் பழைய எலிக்குழி அசைவுதான்.

பிறகு என்ன நடந்தது? எலிக்குழிகள் மறைந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதை 2004-இல் வந்த சட்டம் சில விதிவிலக்குகளோடு தடை செய்தது. வேலை போய்விட்டது, வேலைக்காரர் மட்டும் இருக்கிறார். நடுவில் 1994-இல் 'தி மாஸ்க்' படமும், 1993 முதல் 2004 வரை ஓடிய 'ஃப்ரேசியர்' தொடரும் ஜாக் ரஸ்ஸலை உலகம் முழுக்கச் செல்லமாக்கின. ஃப்ரேசியரில் நடித்த 'மூஸ்' என்ற நாயை அதன் முதல் குடும்பம் சமாளிக்க முடியாமல் கொடுத்துவிட்டது என்பது டிவியில் தெரியாத கதை. மூஸுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைத்தார். எல்லா நாய்க்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

அடக்கும் முறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மானியர் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூலில் கட்டாயமும் தண்டனையும்தான் பிரதானம். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல், அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதியது 'தலைவன் ஓநாய்' கருத்துக்கு வழி போட்டது. "நீ தலைவன் என்று நாய்க்குக் காட்டு, மல்லாக்கத் தள்ளி அமுக்கு" என்ற அறிவுரையெல்லாம் அந்த வழியில் வந்தவை. 1970-இல் தன் நூலால் அதைப் பரப்பிய டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் திருத்தினார். இன்னொரு பக்கம் ஸ்கின்னர் 1951-லேயே பரிசு கொடுத்துப் பழக்கும் வழியை விளக்கியிருந்தார். 1984-இல் கேரன் ப்ரையரின் நூல் அதை வீடுகளுக்குக் கொண்டு போனது.

இந்த வரலாறு தெரிந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதும் தெரிகிறது. சங்கிலித் தொடரை முதல் கண்ணியிலேயே வெட்ட வேண்டும். நாய் அணிலை முறைக்க ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டு, திரும்பினால் நல்ல தீனி கொடுக்கலாம். பாய்ந்த பிறகு கத்திப் பயனில்லை. திறந்த வெளியில் நீளமான கயிறு இல்லாமல் விடக் கூடாது. உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும். தீனியை ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க விடுவது, மண் தோண்ட ஒரு மூலை ஒதுக்குவது, இழுத்து விளையாடி "விடு" என்றால் விடப் பழக்குவது என்று மாற்று வேலை கொடுக்கலாம். அமெரிக்கன் கென்னல் கிளப் 1994 முதல் நடத்தும் 'எர்த்டாக்' தேர்வில் செயற்கைச் சுரங்கத்தின் முடிவில் எலி இருக்கும், ஆனால் பத்திரமாகக் கூண்டுக்குள். நாய்க்கும் திருப்தி, எலிக்கும் ஆயுசு. திடீரென்று கடிக்க ஆரம்பித்த நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலியாகவும் இருக்கலாம்.

என்ன செய்தாலும் அந்த உந்துதல் முழுசாகப் போகாது. வெள்ளெலி வளர்க்கிற வீட்டுக்கு டெரியர் சரிப்படாது, அவ்வளவுதான். ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாசத்தில் தெருவில் விட்டுவிட்டு வருவதற்கு முன்னால், இந்தச் சரக்கை ஆர்டர் கொடுத்துச் செய்தது யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். ஆர்டர் கொடுத்தவர்கள் நாம்தான். ரிட்டர்ன் பாலிசி மட்டும் கிடையாது.