குழந்தைகளின் குருதிக்குழாய் அழற்சியும் குருதிச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவாவின் மலைச்சரிவு வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்கும் விளிம்பிலே அமைந்தது கொஸ்லந்த. சமவெளிப் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் மலேரியாவோ என மக்கள் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. எனினும், அந்நோயை இனங்காண்பதில் வைத்தியர்க்கு ஓர் அனுகூலம் வாய்த்திருந்தது. 1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நோயாளியின் குருதியில் அதன் ஒட்டுண்ணியைக் கண்டபின், ஒரு துளி குருதியே நோயின் பெயரைக் கூறலாயிற்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது.

குருதி பெயர் கூறாத காய்ச்சல்களும் உள. 1961 சனவரியில் தோக்கியோ செஞ்சிலுவை வைத்தியசாலையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் குழந்தை வைத்தியர் தொமிசாக்கு கவாசாக்கி கண்டார். நீடித்த காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், கழுத்தில் நெறி, மேனியிற் செந்தடிப்பு, பின்னர் விரல்நுனியில் தோலுரிதல். நோய் இன்னதென அறியாமலே அவனை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. 1967இல் 50 பிள்ளைகளின் விவரங்களை அவர் யப்பானிய மொழியில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அவர் எழுதியது 1974இல். தானே மாறும் நோயென்றே தொடக்கத்திற் கருதினர். இறந்த பிள்ளைகளின் பிரேத பரிசோதனைகளே உண்மையை உணர்த்தின: இதயத்துக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகள் அழற்சியுற்று வீங்கி, உள்ளே குருதி உறைந்திருந்தது.

பலரது குருதியினின்றும் பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளை ஏற்றும் சிகிச்சையை 1984இல் யப்பானிய ஆய்வும் 1986இல் அமெரிக்க ஆய்வும் நிலைநாட்டின. சிகிச்சை பெறாத நால்வரில் ஒருவருக்கு நாடி வீக்கம் நேரும். பத்து நாட்களுக்குள் ஏற்றினால் அது நூற்றுக்கு ஐந்தளவிற்குக் குறையும். ஆகவே நாட்கணக்கே உயிர்க்கணக்கு.

ஆனால், குருதி இங்கே தயங்கிப் பேசுகிறது. செங்குழிய அடைவு வீதமும் சி-தாக்கப் புரதமும் ஊரில் தீ மூண்டதைக் கூறுமேயன்றி, எவ்வீட்டில் என்று கூறா. குருதிச் சிறுதட்டுக்களோ இரண்டாம் வாரத்திலேதான் பெருகும். அப்போது தவணை பெரும்பாலும் கழிந்துவிடும்! இத்தனித்தனிச் சான்றுகளை ஒருங்கே எடைபோடும் முறையை அமெரிக்க இதயச் சங்கம் 2004இல் வகுத்தது. 2018இல் பதின்மூன்று மரபணுக்களின் செயற்பாட்டைக் குருதியில் அளந்து இந்நோயைப் பிரித்தறியலாம் என ஓர் ஆய்வு காட்டிற்று. அது ஆய்வுகூடத்தைத் தாண்டி அன்றாட வைத்தியத்துள் இன்னும் புகவில்லை.

தோட்டத் தொழிலாளர்க்கென 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்ட காலந்தொட்டு, லயத்து நோயாளிக்குத் தூரமும் ஒரு பிணியாகவே இருந்துவந்துள்ளது. நம் பிள்ளைகளின் கருநிற மேனியிற் செந்தடிப்பு எளிதிற் புலப்படாது. மேனாட்டுப் பாடநூற் படங்களிற் பழகிய கண் அதனைத் தவறவிடவும் கூடும். முதல் நாள் தோட்டத்து டிஸ்பென்சரி, மூன்றாம் நாள் மீண்டும் அதே மருந்து எனக் காலம் கழியும். இதய நாடிகளைப் படம்பிடித்துப் பார்க்கும் கருவியோ நகரத்துப் பெரிய வைத்தியசாலையில். செங்குழிய அடைவு வீதத்தை அளக்கவோ ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு மணி நேரமும் போதும். ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் தணியாத பிள்ளைக்கு அச்சோதனை உயர்வைக் காட்டுமாயின், மறுநாள்வரை பொறாது பதுளைக்கு அனுப்ப அது தக்க காரணமாகும்.